வெள்ளத்தில் ஒரு தனி அறை

ஆற்றின் நடுவே ஒரு திட்டு இருந்தது. நாணலும் மூங்கிலும் அடர்ந்த அந்தத் திட்டில் பவழம் என்ற சருகுமான் தன் கணவன் சுருளனோடு வாழ்ந்துவந்தது. சருகுமான் என்றால் முயலைவிடச் சற்றே பெரிய மான். அதற்குக் கொம்பு கிடையாது. பயம் மட்டும் நிறைய உண்டு.

அந்த வருடம் மலையில் மழை கொட்டியது. ஆறு செம்மண் நிறத்தில் புரண்டு வந்தது. ஒருநாள் விடிந்து பார்த்தபோது கரையோரப் புற்று பாதி முழுகியிருந்தது.

"சாயங்காலத்துக்குள்ள திட்டு மொத்தமும் தண்ணிக்குள்ள போயிடும்! மேட்டுக்காட்டுக்குக் கிளம்புங்க!" என்று ஒரு குரங்கு மரத்துக்கு மரம் தாவிக் கத்தியது.

மேட்டுக்காட்டுக்கு ஆற்றின் போக்கில் அரை நாள் போக வேண்டும். சின்னப் பிராணிகளால் அவ்வளவு தூரம் நீந்த முடியாது. அவற்றை ஏற்றிப்போக யானைகள் வந்திருந்தன. எருமைகள் வந்திருந்தன. நீர்நாய்களும் வந்திருந்தன. யானையும் எருமையும் முதுகில் ஏற்றிக்கொள்ளும். நீர்நாய்கள், சாய்ந்து விழுந்த ஒரு பெரிய மரத்தைத் தெப்பம்போலத் தள்ளிக்கொண்டு போகும்.

"எதுல போனா என்ன, ஏறு பவழம்!" என்றது சுருளன். 

"அவசரப்படாதீங்க. யாரு நல்ல இடம் குடுக்கறாங்கன்னு கேட்டுட்டு வரேன்."

"நல்ல இடமா? தண்ணிக்கு மேல இருந்தா அதுதான் நல்ல இடம்!"

"போன வெள்ளத்துல எருமை முதுகுல போனோமே, மறந்துபோச்சா? ஒரு பக்கம் பெருச்சாளி, இன்னொரு பக்கம் தவளை. இறங்கற வரைக்கும் அந்தத் தவளை என் காதுக்குள்ளயே கத்திச்சு. இந்தத் தடவை தனி இடம் கிடைக்காம நான் வரமாட்டேன்!"

பவழம் முதலில் யானைகளிடம் போனது.

"கழுத்துல ஒரு விசேஷ இடம் இருக்கும்மா" என்றது தலைமை யானை. "என் காது ரெண்டும் விசிறிக்கிட்டே வரும். பசிச்சா தும்பிக்கையால பழம் பறிச்சுத் தருவேன்."

பவழத்தின் கண்கள் மின்னின. "அங்க என்னைத் தவிர யாரும் வரமாட்டாங்களே?"

"ஒரு அணில் குடும்பம் வருது. பிள்ளைக்குட்டியோட."

"சரி, முதுகுல உக்காந்திருக்கறவங்களுக்கும் அந்தக் காத்து அடிக்குமா?"

யானை சிரித்துவிட்டது. "காத்துக்கு ஆள் பாத்து அடிக்கத் தெரியுமாம்மா? எல்லாருக்கும்தான் அடிக்கும்!"

"அப்போ அதுல என்ன விசேஷம்!" என்று சொல்லிவிட்டுப் பவழம் எருமைகளிடம் ஓடியது. இதற்குள் புற்று முழுவதும் மறைந்துவிட்டது.

எருமை அசைபோட்டபடியே பதில் சொன்னது. "என் கொம்பு ரெண்டுக்கும் நடுவுல உக்காரலாம். ஆறு முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். உண்ணிக்கொக்கு கூடவே வருவாரு. உடம்புல இருக்கற உண்ணியைப் பொறுக்கிவிடுவாரு."

"எனக்கு மட்டும்தானே?"

"எங்க எல்லாருக்கும் பொறுக்கிட்டு, அப்புறம் உனக்கு."

"எருமை உண்ணியைக் கொத்தின மூக்காலயா!" பவழம் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. "அதுக்கு யானைக் கழுத்தே தேவலை."

"ஏம்மா, நீ உயிரைக் காப்பாத்திக்க வந்தியா, இல்ல சம்பந்தி வீட்டு விருந்துக்கு வந்தியா?" என்று கேட்டது எருமை.

பவழம் கோபத்தோடு யானைகளிடம் திரும்பி ஓடியது. யானைகள் நின்ற இடத்தில் தண்ணீர்தான் நின்றது. தொலைவில் ஒரு தும்பிக்கை உயர்ந்து மறைந்தது. பவழம் எருமைகளிடம் ஓடிவந்தது. எருமைகளும் ஆற்றில் இறங்கிவிட்டிருந்தன. அவற்றின் முதுகுகள் கறுப்புக் கற்கள்போலச் சிறுத்துக்கொண்டே போயின.

தண்ணீர் முழங்கால்வரை வந்துவிட்டது. காலுக்கு அடியில் மண் கரைந்து ஓடுவது தெரிந்தது.

"பவழம்! இங்க! இங்க!" மூங்கில் புதருக்கு அப்பாலிருந்து சுருளன் அலறியது. கடைசித் தெப்பமான நீர்நாய்களின் மரம் புறப்படும் நிலையில் இருந்தது. மரத்தின் மேலே காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, உடும்பு, எலிகள் என்று ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு பிராணிகள் உட்கார்ந்திருந்தன. முள்ளம்பன்றியைச் சுற்றி மட்டும் கொஞ்சம் காலியிடம் இருந்தது.

உயிர் பிழைத்தால் போதும் என்றுதான் பவழம் ஓடிவந்தது. ஆனால் நீர்நாய்த் தலைவன் சொன்னதைக் கேட்டதும் அதன் பயம் பாதி போய்விட்டது.

"வாங்கம்மா! உங்களை மாதிரி ஆளுங்களுக்குன்னே ஒரு தனி அறை வச்சிருக்கோம். வேர்ப்பக்கம் ஒரு பொந்து இருக்கு. உள்ள காய்ஞ்ச இலை மெத்தை. சந்து பொந்தெல்லாம் பாசி வச்சு அடைச்சிருக்கோம். இந்தக் கூட்டம் போடற சத்தம் உள்ள துளிகூட வராது. வாசல் ஆத்தைப் பாத்து இருக்கு. யாரும் எட்டிப் பாக்கவும் முடியாது. ஒருத்தருக்குத்தான் இடம்!"

"மேல இருக்கறவங்க அங்க வரலாமா?"

"வேரைத் தாண்ட யாரையும் விடமாட்டோம்!"

இதைத்தானே பவழம் தேடியது! அது தலையை நிமிர்த்திக் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தது.

"இன்னொண்ணும் இருக்கு" என்றது தலைவன். "மேல இருக்கறவங்களை நாங்க அப்பப்போ கூப்பிடுவோம். ஒவ்வொருத்தரும் குரல் குடுக்கணும். குரல் வரலைன்னா ஆள் தண்ணியில விழுந்துட்டாங்கன்னு அர்த்தம். உடனே தேடுவோம். உங்களுக்கு அந்தத் தொந்தரவும் கிடையாது. நிம்மதியாத் தூங்கலாம்."

"எங்கூடவே உக்காந்துடேன் பவழம்" என்றது சுருளன் மெதுவாக. "இந்தத் தண்ணியைப் பாத்தா எனக்கு என்னமோ பயமா இருக்கு."

"மேட்டுக்காட்டுல பாக்கலாம். முள்ளம்பன்றி பக்கத்துல இடம் இருக்கே, அங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் பவழம் பொந்துக்குள் புகுந்தது.

தெப்பம் நகர்ந்தது.

பொந்து கதகதப்பாக இருந்தது. இலை மெத்தை மெத்தென்று இருந்தது. பவழம் காலை நீட்டிப் படுத்தது. மேலே எலிகள் சண்டை போடுவதும் பன்றி உறுமுவதும் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. 'பாவம், எப்படி நசுங்கிக்கொண்டு வருகிறார்களோ!' என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடியது.

கண் விழித்தபோது பொந்து இருட்டாக இருந்தது. 'அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டதா?' என்று வாசலைப் பார்த்தது.

பொழுது சாயவில்லை. வாசலை ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. ஈரமாக, பளபளப்பாக, பவழத்தின் உடம்பைவிடத் தடிமனாக, அது மெல்ல மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தது.

மலைப்பாம்பு!

வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட பாம்பு, வேரைப் பற்றி ஏறியிருந்தது. அதன் தலை பவழத்துக்கு நேராக வந்து நின்றது. நாக்கு வெளியே வந்து வந்து போனது.

"உள்ள ஆள் இருக்கா?" என்றது பாம்பு மிக மெதுவாக. "மன்னிக்கணும். வெளிய குளிர் தாங்கலை."

பவழம் காலை இழுத்துக்கொண்டு ஒடுங்கியது.

"இது தனி இடம்போல இருக்கே. நல்லதாப் போச்சு. எனக்கும் கூட்டம்னா ஆகாது."

"காப்பாத்துங்க!" என்று பவழம் கத்தியது. "என்னங்க! யாராவது வாங்க! பாம்பு!"

அதன் குரல் பாசியில் மோதிச் செத்தது. வாசல்வழியே போயிருக்க வேண்டிய சத்தத்தைப் பாம்பின் உடம்பு அடைத்துக்கொண்டது. அதையும் மீறிப் போனதை ஆற்றின் இரைச்சல் விழுங்கிவிட்டது.

"எதுக்கு இப்படிக் கத்தறே?" என்றது பாம்பு. "நமக்குள்ள என்ன சத்தம்?"

அப்போது மேலே நீர்நாய்த் தலைவன் கூப்பிடுவது லேசாகக் கேட்டது. பவழம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. பன்றி குரல் கொடுத்தது. உடும்பு கொடுத்தது. எலிகள் கீச்சிட்டன. "சுருளன் இருக்கேன்!" என்று தெரிந்த குரல் ஒன்று கேட்டது. பிறகு, "எல்லாரும் இருக்காங்க! தள்ளுங்கடா!" என்றது தலைவன்.

எல்லாரும் இருக்கிறார்களாம்! இங்கே அது செத்தாலும், மேட்டுக்காடு வந்து இறங்கும்வரை யாருக்கும் தெரியப்போவதில்லை.

பாம்பு இன்னும் ஒரு சுருள் உள்ளே வந்தது. குளிரில் விறைத்திருந்ததால் அவசரப்படவில்லை. அவசரப்பட வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. பவழம் பின்னால் நகர்ந்தது. முதுகு சுவரில் முட்டியது. இனி நகர இடமில்லை.

தலையை உயர்த்தியபோது காதில் ஏதோ ஈரமாக உரசியது. பாசி! பொந்தின் கூரையில் ஒரு கணு உதிர்ந்த ஓட்டை இருந்தது. அதைத்தான் நீர்நாய்கள் பாசியால் அடைத்திருந்தன. பவழம் பின்னங்கால்களில் எழுந்து நின்றது. பாசியைப் பல்லால் பற்றி இழுத்தது. ஒரு பிடி வந்தது. மறுபடி இழுத்தது. வாயெல்லாம் மண். கீழே இலைகள் சரசரத்தன. பாம்பு நெருங்கிவிட்டது.

கடைசிப் பிடி பிய்ந்து வந்தது. வெளிச்சம் விழுந்தது. பவழம் மூக்கை ஓட்டையில் வைத்து அலறியது.

"என்னங்க! பாம்பு!"

அடுத்த நொடி மேலே ஒரே களேபரம்!

"அது என் பவழம்!" சுருளன் கூட்டத்தை மிதித்துக்கொண்டு பாய்ந்தது. "உளுத்த மரம்தான்! உடைங்க, யாராவது உடைங்க!"

"நகரு தம்பி!" என்றது காட்டுப்பன்றி. தன் கோரைப்பல்லை ஓட்டைக்குள் விட்டு ஒரு நெம்பு நெம்பியது. மரம் படபடவென்று உடைந்தது. உடும்பு நகத்தால் பிறாண்டியது. எலிகள் சண்டையை விட்டுவிட்டு ஓரங்களைக் கொறித்தன. ஓட்டை பெரிதானது.

பவழம் எகிறியது. தலை வெளியே வந்தது. பாதி உடம்பும் வந்தது. அப்போது பின்னங்காலை ஏதோ கவ்வியது.

"புடிச்சிடுச்சு! என் காலைப் புடிச்சிடுச்சு!"

சுருளன் அதன் காதைக் கவ்வி இழுத்தது. பன்றி கழுத்தைக் கவ்வி இழுத்தது. பன்றியின் வாலை உடும்பு பிடித்து இழுத்தது. சதை கிழிந்தது. பவழம் வீறிட்டபடி வெளியே வந்து விழுந்தது.

அதன் பின்னாலேயே ஓட்டையிலிருந்து பாம்பின் தலையும் எழுந்தது!

எல்லாரும் பின்வாங்கினார்கள். முள்ளம்பன்றி மட்டும் முன்னால் வந்தது. திரும்பி நின்று, முள்ளையெல்லாம் விறைத்து, அந்த ஓட்டையின் மேல் சட்டென்று உட்கார்ந்தது. உள்ளே சீறல் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. மூக்கில் முள் ஏறிய பாம்பு பொந்துக்குள்ளேயே சுருண்டுகொண்டது.

"வேர்ப்பக்கம் சுத்தி வந்தா?" என்று கேட்டது ஓர் எலி.

"வரட்டும், பாத்துக்கறேன்" என்று பன்றி போய் வேரோரம் நின்றுகொண்டது.

முள்ளம்பன்றி சுற்றிலும் பார்த்தது. "என் பக்கத்துல உக்கார மாட்டேன்னீங்களே. எனக்குக் கால் மரத்துப்போச்சு. எழுந்திரிக்கட்டுமா?"

"வேண்டாம்ண்ணே! எழுந்திரிக்காதீங்கண்ணே!" என்று மரமே அதிரும்படி எல்லாரும் கத்தினார்கள்.

மேட்டுக்காட்டின் கரை வந்தது. ஒவ்வொருவராகக் குதித்து இறங்கினார்கள். கடைசியாக முள்ளம்பன்றி ஒரே தாவலில் இறங்கியதும், நீர்நாய்கள் மரத்தை நடு ஆற்றுக்குத் தள்ளிவிட்டன. பொந்து வாசலில் ஒரு தலை தெரிந்தது. மரம் வளைவில் திரும்பும்வரை அது கரையையே பார்த்துக்கொண்டு போனது.

நீர்நாய்த் தலைவன் தலைகுனிந்து வந்தது. "தாயி, தப்பு எங்க மேலதான். உங்களையும் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும்."

"நீங்க கூப்பிட்டிருந்தா, தூக்கத்தைக் கெடுக்கறீங்கன்னு நான் சண்டைக்கு வந்திருப்பேன்" என்றது பவழம்.

காட்டில் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. பிராணிகள் எல்லாம் ஒரு பாறையின் அடியில் ஒண்டின. நொண்டிக்கொண்டு வந்த பவழத்திடம் சுருளன் கேட்டது: "அதோ அங்க ஒரு புதர் காலியா இருக்கு. உனக்குத் தனியா வேணுமா?"

பவழம் அந்தப் புதரைப் பார்த்தது. அதற்குள் இருட்டாக இருந்தது. அது நேராகப் பாறையின் அடிக்குப் போய், கூட்டத்தின் நடுவே தலையை நுழைத்தது.

"கொஞ்சம் நகருங்கண்ணே."

"அட, இந்தப் பக்கம் வராதேம்மா, முள்ளு குத்தும்!" என்றது முள்ளம்பன்றி.

"குத்தினா குத்தட்டும்" என்று பவழம் நெருங்கி உட்கார்ந்துகொண்டது.

யாரும் நெருங்க முடியாத இடத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டால், ஆபத்து வரும்போது உதவிக்கும் யாரும் நெருங்க முடியாது.