முதலாளி பேசி முடிக்கும்வரை

நாகர்கோவிலில் தனுஷ்கோடி புதிதாகக் கட்டிய ஐந்து மாடி ஜவுளிக்கடையில், வழிகாட்டத் தொடுதிரை வைத்தார். எதைத் தொட்டாலும் முதலில் தன் வரவேற்புரைதான் வரவேண்டும், நடுவில் நிறுத்தவும் முடியக்கூடாது என்றார்.

"அவசரமா வர்றவங்க தவிச்சுப் போவாங்க சார்," என்றாள் திரையை வடிவமைத்த இமெல்டா. வேலைக்குப் புதிது.

"சொன்னதைச் செய். இல்லேன்னா நாளைக்கு வராதே."

செய்தாள்.

திறப்புவிழாவில் விருந்து பலம். முதலாளியின் புதுச் சம்பந்தியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து 'கழிப்பறை'யைத் தொட்டார். திரையில் தனுஷ்கோடி கைகூப்பி, "வருக, வருக" என்று ஆரம்பித்தார். எங்கே தொட்டும் நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற, கடை கட்டினவருக்கோ கழிப்பறை எந்த மாடி என்று தெரியாது.

"ஏம்மா, சீக்கிரம் வழியைக் காட்டச் சொல்லு," என்றார் இமெல்டாவிடம்.

"நீங்க பேசி முடிச்சதும் காட்டும் சார். இப்பத்தான் உங்க தாத்தா பிறந்திருக்காரு."

சம்பந்தியம்மாவை இமெல்டாவே அழைத்துப் போனாள். திரும்பி வந்தபோதும் திரையில் முதலாளி பேசிக்கொண்டுதான் இருந்தார். எதிரே நின்ற நிஜ முதலாளியோ அதை நிறுத்தத் திரையெங்கும் தொட்டுக்கொண்டிருந்தார்.