அரக்கு வைத்த முடிச்சு

உப்புக்கு வரி போட யாருக்கும் தோன்றாத காலத்தில், தெற்கே நெடுங்கழி என்றொரு துறை இருந்தது. அந்தத் துறையில் ஒரு தலைவர் இருந்தார், ஒரு வணிகன் இருந்தான், ஒரு பிடிவாதக்காரனும் இருந்தான். கேட்க வந்தவர்கள் உட்காருங்கள். பிடிவாதக்காரனின் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அவன் பெயர் சுறவன். அவனிடம் ஒரு சிறு தோணி இருந்தது. இரண்டு பேர் ஏறிவிட்டால் மூன்றாவது ஆள் யோசித்துத்தான் கால் வைக்க வேண்டும். அவனுக்கும் அவன் மனைவி கொற்றிக்கும் சோறு போட்டது அந்தத் தோணி. பேச்சும் அதைப் பற்றித்தான், சண்டையும் அதைப் பற்றித்தான்.

ஆண்டுக்கு ஒரு முறை, காற்று திரும்பும் சமயத்தில், சீலா மீன்கள் கூட்டங்கூட்டமாகக் கரையை ஒட்டி ஓடும். சீலா, சும்மா நிற்கிற இரையைத் திரும்பியும் பார்க்காது. ஓடுகிற இரையைத்தான் துரத்தும். அதனால் துறைக்காரர்கள் பாய் விரித்துத் தோணியை ஓடவிடுவார்கள். இரு பக்கமும் மூங்கில் கழியை நீட்டி, கழி நுனியிலிருந்து கயிறு விட்டு, தூண்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டு போவார்கள். இழுவைத் தூண்டில் என்று அதற்குப் பெயர். ஒவ்வொருவரும் தன் தோணிக்கு ஏற்றபடி தானே கட்டிக்கொள்வதுதான் வழக்கம்.

அப்படியிருக்கும்போது பெருஞ்சாத்தன் என்ற வணிகன் கடல் கடந்து போய், புதுவிதத் தூண்டில்களைக் கொண்டுவந்து இறக்கினான். கழி மெருகேற்றிய பிரம்பு. கயிறு பட்டு. இரை, சிப்பியில் செதுக்கிய மீன்குஞ்சு. தண்ணீரில் விட்டால் உயிருள்ளதுபோல் நெளிந்தது. பொய் சொல்லக் கூடாது, அது நல்ல தூண்டில்தான்.

ஆனால் அதன் ஒவ்வொரு முடிச்சின் மேலும் அரக்கு உருக்கி ஊற்றி, காளை முத்திரை குத்தியிருந்தான் சாத்தன்.

"பிடிக்கிற மீனில் எனக்கு ஒரு பங்கு போதும்" என்றான். "ஆனால் முடிச்சை யாரும் அவிழ்க்கக் கூடாது. பழுதானால் என் கொட்டிலுக்குக் கொண்டு வாருங்கள், நான் சரிசெய்து தருகிறேன். அரக்கு உடைந்திருந்தால் தூண்டிலும் என்னுடையது, தோணியும் என்னுடையது."

துறையே வரிசையில் நின்று வாங்கியது. கொற்றியின் தம்பி பூதன்தான் முதல் ஆள்.

சுறவன் ஒரு தூண்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தான். கழியை வளைத்தான். கயிற்றைத் தடவினான். முடிச்சின் மேல் கட்டைவிரலை வைத்தான். திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"என்ன மச்சான், பிடிக்கவில்லையா?" என்றான் பூதன்.

"தூண்டில் பிடித்திருக்கிறது. அரக்குதான் பிடிக்கவில்லை."

சாத்தன் சிரித்தான். "எல்லாம் நீயே செய்வாயோ? முள்ளுக்கு இரும்பையும் நீயே உருக்குவாயோ?"

"முள்ளைக் கருமானிடம் கருவாடு கொடுத்து வாங்குவேன். அவர் இதுவரை அதை வளைக்காதே, அரத்தால் ராவாதே என்று சொன்னதில்லை" என்றான் சுறவன்.

சாத்தனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நேரே துறைத்தலைவரிடம் போனான். "கண்டபடி கட்டிய தூண்டில் ஒன்று கடலில் இழுபட்டால் மீன்கூட்டமே கலைந்துவிடும். அவன் ஒருவனால் ஊருக்கே நட்டம்" என்றான். தலைவர் வீட்டில் அப்போது சாத்தன் கொடுத்த குதிரை நின்றது. அது கனைக்கும்போதெல்லாம் சாத்தன் சொல்வது சரியென்றே தலைவருக்குப் பட்டது.

தலைவர் சுறவனைக் கூப்பிட்டார். "உன் தூண்டிலோடு மூன்று முறை கடலுக்குப் போகலாம். மூன்று முறையும் வெறுங்கையோடு வந்தால் உன் தோணி சாத்தன் கொட்டிலுக்குப் போகும்."

"சரி" என்றான் சுறவன். கெஞ்சவில்லை.

வீட்டில் கொற்றி கேட்டாள். "இருக்கிறது ஒரு தோணி. அதையும் பந்தயம் வைத்துவிட்டு வந்து நிற்கிறாயே. அந்த அரக்கு உன்னை என்ன செய்தது?"

"நடுக்கடலில் கயிறு சிக்கினால் நான் அவிழ்க்கக் கூடாதாம். பிறகு அது என் கையில் எதற்கு?"

கொற்றி உரலை எடுத்தாள். கயிறு உப்புநீரில் இற்றுப்போகாமலிருக்கப் பனிச்சங்காயை இடித்துச் சாறு பிழிந்து, அவன் திரித்து வைத்த நூல்கயிற்றை அதில் முக்கி எடுத்து உலரப் போட்டாள். சம்மதம் என்று வாயால் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

முதல் முறை போனான். முள்ளில் கொக்கிறகு கட்டி இழுத்தான். ஓட ஓட இறகு சுழன்றது, இறகோடு கயிறும் முறுக்கேறியது. கயிறு பாம்பாய்ச் சுருண்டு கிடந்தது. வெறுங்கையோடு வந்தான். மற்றவர்கள் தோணி நிறையக் கொண்டுவந்தார்கள்.

"மச்சான் கடலுக்குப் போய்க் கயிறு திரித்துக்கொண்டு வந்திருக்கிறார்" என்றான் பூதன். கரையே சிரித்தது.

சுறவன் சுறாவின் முதுகெலும்பு வட்டு ஒன்றை எடுத்து நடுவில் துளையிட்டான். இறகின் பக்கத்து முடிச்சு அந்தத் துளைக்குள் தானாகச் சுழலும்படி வைத்தான். இப்போது இறகு சுழன்றாலும் கயிறு சுழலவில்லை.

இரண்டாம் முறை போனான். சீலா பாய்ந்து கடித்தது. மூங்கில் விறைப்பாக நின்றது. மீன் ஒரு பக்கம் இழுக்க, தோணி ஒரு பக்கம் இழுக்க, மீனின் வாய் கிழிந்தது. முள்ளில் உதடு மட்டும் வந்தது.

தலைவர் அதைப் பார்த்தார். "இதை மீன் என்று கணக்கில் எடுக்க முடியாது."

"நானும் கேட்கவில்லை" என்றான் சுறவன்.

கொற்றி அந்த உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். "குழம்புக்கும் ஆகாது" என்றாள். பிறகு சொன்னாள்: "கடித்ததும் மீனுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். கயிற்றைத் தொங்கலாக விட்டு, வாழைநாரால் கழியில் லேசாகக் கட்டு. வெடுக்கென்று இழுத்தால் நார் அறும். தொங்கல் முழுவதும் மீனுக்குப் போகும். அதற்குள் முள் நன்றாக இறங்கிவிடும்."

"இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

"நீ முதலிலேயே கேட்கவில்லையே."

மூன்றாம் முறை போன நாளில் காற்று ஏறியது. சீலாக் கூட்டம் கடலடிப் பாறைத்திட்டான பாருக்கும் கரைக்கும் நடுவே ஒரே ஒடுக்கத்தில் நெருக்கிக்கொண்டு ஓடியது. எல்லாத் தோணிகளும் அங்கே பாய்ந்தன.

அங்கேதான் சாத்தனின் தூண்டிலில் இருந்த குறை வெளியே வந்தது. முன்பெல்லாம் ஒருவன் கயிறு நீளம், ஒருவன் கயிறு குட்டை, ஒருவன் கல் கட்டி ஆழத்தில் விடுவான். எத்தனை தோணி நெருங்கினாலும் கயிறுகள் மேலும் கீழுமாக விலகிப் போகும். சாத்தனின் தூண்டில்களோ எல்லாம் ஒரே அளவு. ஒரே நீளம், ஒரே ஆழம். கூட்டவோ குறைக்கவோ முடிச்சை அவிழ்க்க வேண்டும், அதற்குத்தான் அனுமதி இல்லை. நெருங்கிய மாத்திரத்தில் பட்டுக்கயிறு பட்டுக்கயிற்றோடு பின்னிக்கொண்டது. தோணியும் தோணியும் முட்டி நின்றன. கண்ணெதிரே சீலா ஓடிக்கொண்டிருந்தது.

சுறவன் கயிறும் சும்மா இருக்கவில்லை. ஒன்று அறுந்தது, முடிந்தான். மறுபடி அறுந்தது, மறுபடி முடிந்தான். நார் அறுந்தால் வேறு நார் கட்டினான். கை ஓயாமல் கட்டினான், கை ஓயாமல் பிடித்தான். தோணியின் விளிம்பில் தண்ணீர் ஏறுமளவு மீன் சேர்ந்தது.

பூதன் கூப்பிட்டான். "மச்சான், உங்கள் கத்தியைக் கொஞ்சம் எறியுங்கள்."

"உன் இடுப்பில் இருப்பது என்ன?"

"அதுவும் கத்திதான். ஆனால் தோணி போய்விடுமே."

"என் கத்தியால் அறுத்தால் மட்டும் போகாதா?"

பூதன் சற்று நேரம் ஓடுகிற மீனைப் பார்த்தான். பிறகு கத்தியைக்கூட எடுக்கவில்லை. அரக்கைப் பல்லால் கடித்துத் துப்பினான். அடுத்த தோணிக்காரன் பார்த்தான், அவனும் கடித்தான். அதற்கடுத்தவனும் கடித்தான். ஆளாளுக்குக் கயிற்றைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், கல்லைக் கட்டினார்கள். அன்று பிடித்த அளவு மீனை அந்தத் துறை அதற்கு முன்பு பார்த்ததில்லை.

கரையில் சாத்தன் தன் ஆட்களோடு நின்றான். அலைக்கு வெளியே தோணிகள் வரும்போதே முடிச்சுகள் தெரிந்தன. ஒன்றிலும் அரக்கு இல்லை.

"ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்" என்றான் சாத்தன். குதிரையோடு வந்திருந்த தலைவரும் தலையாட்டினார். "சுறவா, நீ ஜெயித்தாய். உன் தோணி உனக்கு. நீ கரைக்கு வா. மற்ற தோணிகள் சாத்தன் கொட்டிலுக்கு."

சுறவன் துடுப்பை எடுக்கவில்லை.

இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கரையில் மணல் செங்குத்து. தோணியைத் தனி ஆள் கரையேற்ற முடியாது. ஒரு தோணி வந்தால் மற்ற தோணிக்காரர்கள் எல்லாரும் ஓடிவந்து தோள் கொடுக்க வேண்டும்.

"இவர்கள் தோணியெல்லாம் போய்விட்டால் இவர்கள் வேறு ஊர் போவார்கள்" என்றான் சுறவன். "நாளைக்கு என் தோணிக்குத் தோள் கொடுப்பது யார்? உங்கள் குதிரையா?"

"அது உன் பாடு" என்றான் சாத்தன்.

"சரி, என் பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்." சுறவன் பாயைத் திருப்பினான். "கடல் இந்த ஒரு கரையோடு முடியவில்லை."

பூதன் பாயும் திரும்பியது. பிறகு எல்லாப் பாயும் திரும்பின. மீன் பாரத்தில் ஆடி ஆடி, தோணிகள் அடுத்த துறையைப் பார்த்து நகர்ந்தன.

கரையில் நின்ற கொற்றி கூடையைத் தலையில் வைத்தாள். "வாருங்கள், மணல் வழியாக நாமும் நடப்போம். அங்கேயும் மீன் தின்கிறவர்கள் இருப்பார்கள்" என்றாள். பெண்கள் எல்லாரும் கூடையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்கள்.

தலைவர் பார்த்தார். முன்னால் தோணியில்லாத கடல், பக்கத்தில் ஆளில்லாத மணல், பின்னால் கனைக்கிற குதிரை. தோணியும் ஆளும் போன பிறகு அவர் எதற்குத் தலைவர்? மேல்துணியை அவிழ்த்து வீசிக்காட்டிக்கொண்டே தண்ணீரில் இடுப்பளவு இறங்கிவிட்டார்.

"திரும்பி வாருங்கள். தோணி அவரவருக்கு. முடிச்சும் அவரவருக்கு."

"குதிரை?" என்று மணலில் நின்று திரும்பிக் கேட்டாள் கொற்றி.

"குதிரை சாத்தனுக்கு" என்றார் தலைவர்.

தோணிகள் திரும்பின. ஒவ்வொன்றாகக் கரையேறின. சுறவன் கடைசியாக வந்தான். அவன் தோணிக்குத் தோள் கொடுக்க இடம் போதாமல் ஆட்கள் தள்ளிக்கொண்டார்கள்.

அதன்பின் பெருஞ்சாத்தன் அரக்கு இல்லாமலே தூண்டில் விற்றான். நன்றாகத்தான் விற்றது. சுறவனும் போய் ஒன்று வாங்கினான். வீட்டுக்கு வந்ததும் அதன் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். பட்டுக்கயிற்றைத் தன் மூங்கிலில் கட்டினான். பிரம்பைக் கொற்றி துணி உலர்த்தும் கொடிக்கு முட்டாகக் கொடுத்தாள்.

ஆகவே கேளுங்கள்: அவிழ்க்கக் கூடாது என்று சொல்லி ஒருவன் விற்கும் பொருள், உங்கள் கையில் இருந்தாலும் அவனுடையதுதான்.