தீப்பெட்டி வைத்திருந்தவர்

"எனக்குள்ள ஒரே இருட்டா இருக்கு, அக்கா" என்றார் தேவஇரக்கம். "இதைப் போக்கி விடுங்க."

ஜெபக்கனி அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மலையடிவாரத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு அவள்தான் தலைவி. வயது நாற்பத்தைந்து. அவருக்கு அறுபத்திரண்டு. அங்கே எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். வந்த புதிதில் அவருக்கு அது நாக்கில் ஒட்டவில்லை, பிறகு பழகிவிட்டது.

"எப்பல இருந்து இருட்டு, அண்ணாச்சி?"

"என் சம்சாரம் ரஞ்சிதம் செத்துப்போன அன்னைக்கு இருந்து. ரெண்டு வருஷமாச்சு. முட்டிபோட்டு ஜெபிச்சா எதிர்ல யாரும் இல்ல. வெறும் சுவர்கிட்ட பேசுற மாதிரி இருக்கு."

அவர் மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். புயலிலும் மழையிலும் கம்பம் ஏறி ஊர் ஊராக வெளிச்சம் கொடுத்தவர். தன் வீட்டு இருட்டுக்கு எந்தக் கம்பத்தில் ஏறுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"கர்த்தர் ஒரே ஒரு தடவை என் பக்கத்துல வந்தா போதும். ஈஸ்டருக்குள்ள வரலைன்னா வீட்டுக்குப் போயிருவேன். அதுக்குப் பிறகு ஜெபமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெட்டியைக்கூடக் கட்டி வைத்திருந்தார்.

"இருட்டுல அவரு வரமாட்டாரா?"

"அது எப்படி வருவாரு? வேதத்துல இருட்டுன்னாலே தண்டனைதான. எகிப்துக்கு மூணு நாள் இருட்டு. பொல்லாத வேலைக்காரனைப் புறம்பான இருட்டுல தள்ளுறாங்க. அவரு பேசுன முதல் பேச்சே வெளிச்சம் உண்டாகட்டும்ங்கிறதுதான."

"அதைப் பேசுறதுக்கு முந்தி அவரு எங்க இருந்தாரு?"

தேவஇரக்கம் ஒரு கீரைத் தண்டை எடுத்துக் கிள்ளினார்.

"மோசே மலைமேல ஏறி எங்க போனாரு?"

"கர்த்தர் இருந்த கார்மேகத்துக்குள்ள."

"ஜனங்க?"

"பயந்துபோய் தூரத்துல நின்னாங்க."

"இருட்டுலயா?"

"இல்ல. அவங்க நின்ன இடத்துல வெளிச்சம் இருந்துச்சு."

அக்கா கீரையை அள்ளிக்கொண்டு எழுந்தாள். "பெரிய வெள்ளிக்கு ஆலயத்தை அடைக்கிற வேலையை இந்த வருஷம் நீங்க பாருங்க."

அந்த ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வெள்ளியன்று மத்தியானம் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை, இயேசு சிலுவையில் தொங்கியபோது பூமி இருண்டுபோன அந்த மூன்று மணி நேரமும், ஆலயத்தை முழுக்க இருட்டாக்கி உட்கார்ந்திருப்பார்கள். பாட்டு கிடையாது, பிரசங்கம் கிடையாது. டார்ச், செல்போன் எல்லாம் வாசலில் ஒரு கூடைக்குள் போய்விடும்.

வேலை என்று வந்துவிட்டால் அவருக்கு அரைகுறை பிடிக்காது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்தார். ஓட்டு இடுக்குகளில் சாக்கைத் திணித்தார். சாவித் துவாரத்தைக்கூடப் பஞ்சு வைத்து அடைத்தார். ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். சாயங்காலம் ஆலயத்து விளக்கை ஏற்றுவது அவர் பொறுப்பு, அதனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி கிடக்கும். அது அப்படியே உள்ளே வந்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். பதினெட்டுப் பேர், ஆளுக்கொரு பாய்.

முதல் ஒரு மணி நேரம் வியர்வையும் இருமலும்தான். யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அவருக்குச் சோற்று நினைப்பு வந்தது.

பிறகு அந்த நினைப்பும் போய்விட்டது. ரஞ்சிதத்தை நினைத்து அழ ஆரம்பித்தார். இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நன்றாகவே அழுதார்.

அப்போது ஒரு கை வந்து அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டது.

அழுத்தவில்லை, தட்டிக் கொடுக்கவில்லை. வெறுமனே பிடித்திருந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு எதிரில் யாரோ இருந்தார்கள். அவர் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

யாராக இருக்கும்?

அந்தக் கேள்வியை அவரால் தாங்க முடியவில்லை. சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்தது. உரசிவிட்டார்.

சுற்றி இருந்தவர்கள் திடுக்கிட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். அவர் கைக்கெட்டும் தூரத்தில் யாரும் இல்லை. குச்சி விரல்வரை எரிந்து அணைந்தது.

மிச்ச நேரமெல்லாம் வலது கையை இருட்டில் நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். தோள் வலித்தது. ஒன்றும் வரவில்லை.

மூன்று மணிக்குக் கதவைத் திறந்ததும் ஒருத்தர் விடாமல் கேட்டுப் பார்த்தார். நானில்லை, நானில்லை என்றார்கள். கடைசியில் கிணற்றடியில் அக்காவைப் பிடித்தார்.

"அக்கா, நீங்களா?"

"நான் இல்ல, அண்ணாச்சி."

"அப்ப யாரு?"

"எனக்குத் தெரியாது."

"எவ்வளவு ஏங்கிக் கிடந்தேன் அக்கா. வந்துச்சு, என் கையைப் பிடிச்சுச்சு. கொஞ்சம் வெளிச்சத்தைக் கண்டதும் விட்டுட்டுப் போயிருச்சு. என்னை விட்டுட்டுப் போக எப்படி மனசு வந்துச்சு?"

அக்கா அவர் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து அவரிடமே நீட்டினாள்.

"உரசுங்க."

அவர் பெட்டியை இடது கையில் வாங்கினார். வலது கையால் ஒரு குச்சியை எடுத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

குச்சி கீழே விழுந்தது.

"நான்தான் கையை உருவியிருக்கேன்" என்றார்.

அக்கா வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினாள்.

வாளி மேலே வந்ததும் அவர் கேட்டார். "இனி அடுத்த பெரிய வெள்ளிக்கு ஒரு வருஷம் கிடக்கே, அக்கா. அதுவரை நான் என்ன செய்ய?"

"ஏன், இங்க தினமும்தான இருட்டுது" என்றாள் அக்கா.