நிற்காத விக்கல்

“எனக்கு முடிக்க வரலை, டீச்சர்” என்றார் சவரிமுத்து.

டீச்சர் நிலோஃபருக்கு வயசு முப்பது. சீடருக்கு ஐம்பத்திரண்டு. கம்ப்யூட்டரில் வரிவரியாகப் புரோகிராம் எழுதி, எழுத எழுதவே அதைப் பாட்டாக ஓடவிடுகிற வித்தை. என்ன வித்தையோ போங்க! எழுதுவதெல்லாம் சுவரில் பெரிசாகத் தெரியணும், எதையும் மறைக்கக் கூடாது. அவர்கள் கூட்டத்துச் சட்டம் அது.

சவரிமுத்து ஒரே ஒரு வரியை மறைப்பார்.

அது அவர் மகளின் விக்கல். ஒன்பது வயசில் விளையாட்டாகப் போனில் பதிந்தது. அந்த வருஷமே பிள்ளை காய்ச்சலில் போய்விட்டாள். பதினோரு மாசம் ஆகிறது. விக்கலை முன்கூட்டியே தாளமாக ஓடவிட்டு, அதன்மேல்தான் பாவி மனுஷன் மற்றதெல்லாம் கட்டுவார். முடிக்கும்போது எல்லாம் அடங்கும். விக்கல் மட்டும் அடங்காது. ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓடுவார். மூன்று கச்சேரி இப்படியே நாசம்.

“வாசிங்க, பார்ப்போம்.”

அன்றைக்குக் கேட்க வந்தது அவர் மனைவி லூர்து மட்டும்தான். சவரிமுத்து நன்றாகவே வாசித்தார். கடைசியில் ஒவ்வொன்றாக நிறுத்தி, திரையில் இருந்த எழுத்தையெல்லாம் அழித்தார். சுவர் வெறிச்சென்று கிடந்தது.

விக். விக்.

கை ஒயருக்குப் போனது. டீச்சர் ஒயரின் மேல் காலை வைத்துக்கொண்டாள்.

“அழிச்சா எழுத்துதான் சார் போகும். ஓடுறது ஓடிக்கிட்டேதான் இருக்கும். அந்தத் தாளத்துக்கு வச்ச பேரை எழுதி, நிறுத்துன்னு சொல்லணும்.”

“தெரியும்.”

“அப்புறம் என்ன?”

“அதுக்கு அவ பேரைத்தான் வச்சிருக்கேன்.” “அடக்கம் முடிஞ்சு வந்ததுலேர்ந்து அந்தப் பேரை நான் எடுக்கலை. இவளையும் எடுக்க விடலை.”

டீச்சர் ஒயர் மேலிருந்து காலை எடுக்கவில்லை.

விக். விக்.

“யாருடி உன்னை நினைக்கிறது?” என்றாள் லூர்து, பழைய பழக்கத்தில். சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சவரிமுத்து அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். சுவரில் வந்தது.

ஜெனிட்டா. நிறுத்து.

விரல் கடைசிப் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

லூர்து மெதுவாகப் படித்தாள். “ஜெனிட்டா.”

“சத்தமா கூப்பிடு, லூர்து.”

கூப்பிட்டாள்.

அவர் அழுத்தினார்.