கடலடித் தண்ணீருக்கும் சீட்டு

அரபுக் கடற்கரையில் சுங்கச்சாவடி போட்ட வெள்ளைக்காரத் துரை, "கடலிலிருந்து எது வந்தாலும் தலைமை அலுவலகச் சீட்டு வேண்டும். இல்லாவிட்டால் கரையில் இறக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டார். சீட்டு வரப் பத்து நாளாகும். ஊருக்கு வந்த அரிசி படகிலேயே கிடந்தது. பிள்ளைகள் பசியில் சுருண்டு கிடந்தார்கள். பெற்றவர்களுக்கு எப்படிப் பொறுக்கும்?

அந்த ஊரில் கிணறு கிடையாது. கடலடி ஊற்றில் உப்பில்லாமல் சுரக்கும் நல்ல தண்ணீரை மூழ்கித் தோல்பையில் பிடித்து வருபவன், அந்த அரிசிப் படகுக்காரன் ஹுமைத்தான்.

உச்சிவெயிலில் துரை கத்தினார். "தண்ணீர் எங்கேடா?"

"படகில் இருக்கிறது, சாகிப். அதுவும் கடலிலிருந்து வந்ததுதானே? சீட்டு இல்லை."

"பத்து நாள் தண்ணீரில்லாமல் எப்படியடா இருப்பேன்?"

"சோறில்லாமல் எப்படி இருப்பேன் என்று என் மகளும் நேற்றுக் கேட்டாள், சாகிப்."

துரை படகுப் பக்கம் திரும்பினார். பிறகு, "எல்லாவற்றையும் இறக்கு" என்றார்.

ஹுமைத் முதலில் அரிசியை இறக்கினான்.