மூன்று முழ இங்கிலீசுக் கடிதம்

முன்னொரு காலத்தில், கிழக்கிந்தியக் கும்பினியாரின் கொடி பாதி நாட்டில் பறந்துகொண்டிருந்தபோது, நெய்தலங்காடு என்னும் சீமையைக் குமாரவர்ம பூபதி ஆண்டுவந்தார். நல்லவர்தாம், ஆனால் நினைத்தால் சிரிப்பார், நினைத்தால் சீறுவார். கும்பினிக்கு அவர் அனுப்பும் இங்கிலீசுக் கடிதம் எதுவும் மூன்று முழத்துக்குக் குறையலாகாது. சபையில் முழக்கோலால் அளந்த பிறகே முத்திரை விழும். அரசருக்கு இங்கிலீசு தெரியாது. ஆகையால் நீளத்தைக் கொண்டே அதன் அழகை மதிப்பிட்டார்.

இந்த வழக்கத்தால் வாழ்ந்தவர் துபாஷி வெங்கோப ராவ். அரசருக்கும் துரைமாருக்கும் நடுவே மொழி மாற்றிச் சொல்வது அவர் வேலை. ஒரு சொல் போதுமான இடத்தில் ஒன்பது சொல் வைப்பார். அரசரின் அமைச்சரான பிரதானி மங்கைபாகரும் மதராசில் இருந்து இங்கிலீசு கற்றவர் என்பது துபாஷியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. மங்கைபாகருக்கோ அந்தக் கடிதங்களைப் படிக்கும்போதெல்லாம் தலை வலித்தது.

அந்த ஆண்டு ஐப்பசியில் மழை கொட்டியது. பெரிய ஏரி நிரம்பியது. அதன் மிகுநீர் ஓடும் வடிகால் கும்பினியின் எல்லைக்குள் போகிறது. அங்கே கும்பினியார் கட்டிய மதகு அடைபட்டுக் கிடந்தது. அதைத் திறக்காவிட்டால் கரை உடையும். கரைக்குக் கீழே ஏழு ஊர்கள் இருந்தன. மதகைத் திறக்கும்படி துபாஷி கும்பினியின் கலெக்டருக்கு ஒரு மாதத்தில் மூன்று கடிதங்கள் எழுதினார். முதற்கடிதத்துக்குக் கலெக்டர், தம் நலம் விசாரித்ததற்கு நன்றி சொன்னார். இரண்டாவதற்கு ஒரு பெட்டி பிஸ்கோத்து அனுப்பினார். மூன்றாவதற்கு, அரச குடும்பத்தில் யாரோ காலமானதாகக் கருதி அனுதாபம் தெரிவித்தார்.

அந்த அனுதாபத்தின் மரியாதையை அரசர் வியந்துகொண்டிருந்தபோது, ஏரிக்கரையிலிருந்து சேற்றுக் காலோடு நேரே சபைக்கு வந்தார் மங்கைபாகர். நீர் கரையின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நிற்கிறது என்றும், நான்கு நாளுக்குமேல் கரை தாங்காது என்றும் தெரிவித்தார். துபாஷி அசையவில்லை. அடுத்த கடிதத்தை ஐந்து முழமாக எழுதிவிடுவதாகச் சொன்னார்.

"கேட்பது என்ன என்பதை முதல் வரியிலேயே எழுதலாகாதா, ராயரே?" என்றார் மங்கைபாகர்.

"இங்கிலீசு கனவான்களின் பாஷை, பிரதானியாரே. எடுத்த எடுப்பில் கேட்டால் பட்டிக்காட்டுப் பேச்சாகிவிடும்."

"துரை தம் சமையற்காரனிடம் சோறு கேட்பதும் ஐந்து முழத்திலா?"

சபை சிரித்தது. துபாஷி முகம் சிவந்து, தம் கடிதத்தில் குறை காட்ட முடியுமா என்று அறைகூவினார். அரசருக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. மங்கைபாகர் தம் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்தார். தோற்றால் மோதிரமும் பதவியும் துபாஷிக்கு. வென்றால் அடுத்த கடிதம் தாம் எழுதுவது. துபாஷி தம் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை இருந்த இடத்தைவிட்டு எழுவதில்லை என்று அரசரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டார்.

அரண்மனைக் குளியற்குளத்தை வற்றடித்து, நடுவே அரசருக்கு நாற்காலி போட்டார்கள். மங்கைபாகர் நீர்வரத்தைத் திறந்துவிட்டு, நீர் வெளியேறும் வடிமடையை அடைத்தார். அந்த மடையருகே காவற்காரன் மாடக்கண்ணுவைக் குளத்துக்கு முதுகு காட்டி நிறுத்தினார்.

"இன்று நீதான் கலெக்டர். கலெக்டருக்கு நம் ஏரி கண்ணில் படாது. ஆகையால் நீயும் திரும்பிப் பார்க்கக் கூடாது. கடிதம் என்ன சொல்கிறதோ அதைச் செய்."

துபாஷி தம் மூன்றாம் கடிதத்தையே விரித்து, வரிவரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினார். சூரியனும் நாணும் துரையின் கீர்த்தி முடிவதற்குள் நீர் அரசரின் கணுக்காலைத் தொட்டது. துரையின் முன்னோர் பெருமை முழங்கால்வரை வந்தது. இவ்வுலக வாழ்வின் நிலையாமை குறித்த பகுதியில் பட்டு வேட்டி மிதந்தது.

"விஷயத்துக்கு வாரும், ராயரே" என்றார் அரசர்.

"வந்துவிட்டது, மகாராஜா. இதோ: 'ஆகவே, திறத்தல் என்னும் செயலானது பரிசீலிக்கப்படுமாயின், அது பயனற்றதாகக் கருதப்படாது என்னும் எண்ணம் தோன்றாமலில்லை.'"

மாடக்கண்ணு தலையைச் சொறிந்தான். "சாமி, யாரைத் திறக்கச் சொல்றீங்க? எதைத் திறக்கணும்? திறக்கணுமா, வேண்டாமா?"

துபாஷி அதே வாக்கியத்தை இன்னும் கம்பீரமாகப் படித்தார். நீர் அரசரின் மார்பைத் தொட்டது. மங்கைபாகரின் பொறுமை அத்தோடு தீர்ந்தது.

"மாடக்கண்ணு, உன் காலடியில் இருக்கும் மடையை இப்போதே திற. மகாராஜா முழுகப் போகிறார்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவன் மடைப்பலகையைத் தூக்கிவிட்டான். நீர் வடிந்தது. நனைந்த அரசர் சீறிக்கொண்டு எழுந்தார்.

"இது என்ன விளையாட்டு, மங்கைபாகரே?"

"தாங்கள் அரைநாழிகை இருந்த இடத்தில் ஏழு ஊர் மக்கள் ஒரு மாதமாக இருக்கிறார்கள். நம் இங்கிலீசைப் பார்த்துத் துரை வியக்கவேண்டியதில்லை, மகாராஜா. யார், எதை, எப்போது செய்யவேண்டும் என்பது தெரிந்தால் போதும்."

அரசர் துபாஷியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தாள் கொண்டுவரச் சொன்னார்.

மங்கைபாகர் நின்றபடியே எழுதிப் படித்தார்: "ஐயா, எங்கள் வடிகாலின் குறுக்கே உள்ள உங்கள் மதகை வெள்ளிக்கிழமைக்குள் திறந்துவிடுங்கள். அது ஒரு மாதமாக அடைபட்டிருப்பதால் எங்கள் ஏரி உடையப்போகிறது. ஏரிக்குக் கீழே ஏழு ஊர்கள் உள்ளன."

ஒரு சாண்கூட இல்லையே என்று முனகினார் துபாஷி. உடலைத் துவட்டிக்கொண்டிருந்த அரசர் தாமே முத்திரையைக் குத்தினார்.

மூன்றாம் நாள் காலை ஏரிநீர் இறங்கத் தொடங்கியது. பின்னாலேயே குதிரைக்காரன் கலெக்டரின் பதிலைக் கொண்டுவந்தான். அரசர் இங்கிலீசுக் கடிதப் பொறுப்பை மங்கைபாகருக்குக் கொடுத்து, துபாஷியை அவர் எழுதுவதைப் படியெடுக்கும் வேலைக்கு அமர்த்தினார். அதன்பின், வந்த பதிலைத் துபாஷியிடமே நீட்டி, சபையறியத் தமிழில் சொல்லும்படி பணித்தார்.

வெங்கோப ராவ் அதை இருமுறை பார்த்தார்.

"'மதகைத் திறந்துவிட்டேன். இவ்வளவு அவசரமான காரியத்தை ஒரு மாதமாக ஏன் எனக்குத் தெரிவிக்கவில்லை?'"

"அவ்வளவுதானா?" என்றார் அரசர்.

"அவ்வளவுதான், மகாராஜா."