ஆணியைத் தேடியவர்

குருவுக்குத் தாடி இருந்தே தீர வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் விதித்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் கதைகளில் இருந்துவிடுகிறது. இந்தக் கதையில் தாடி சீடருக்கு, அதுவும் நரைத்த தாடி. சீடர் இருதயசாமிக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருடைய ஆய்வுக்கு வழிகாட்டியான பேராசிரியர் சுடர்க்கொடிக்கு முப்பத்தெட்டு. அவர் இவரை 'சார்' என்பார், இவர் அவரை 'மேடம்' என்பார். இதில் குரு யார் என்பதில் மட்டும் அந்த ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

இருதயசாமி இருபத்தாறு வருடம் ஒரு பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதகர். தேய்ந்த பாகம் கண்ணில் பட்டால் சிவப்பு அட்டை கட்டி ஓரமாக வைப்பார். அவர் மகள் கிளாரா சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டபோது, எலும்பில் எஃகுத் தகடு வைத்தார்கள். ஒரு வருடம் கழித்து அதே தழும்பைத் திறந்து தகட்டை எடுத்தார்கள்.

"கால்தான் சரியாயிடுச்சே, எதுக்குப்பா மறுபடி அறுக்கிறாங்க?" என்று பதினொரு வயதுப் பெண் கேட்டாள்.

பதில் தெரியாத அப்பா வேலையை விட்டுவிட்டு, முறிந்த எலும்பைப் பிடித்துவைத்து, அது கூடியதும் உடம்புக்குள்ளேயே கரைந்துபோகிற மக்னீசிய ஆணி செய்ய வந்துவிட்டார்.

இது நான்காவது வருடம். ஆறு முயல்கள், ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு பின்னங்காலில், முறிவைப் பிடித்தபடி ஓர் ஆணி. பதினாறாம் வாரம் எக்ஸ்ரே எடுத்தார்கள். படங்களோடு இருதயசாமி ஓடிவந்த வேகத்தில், காலில் இருந்தது வேறு யாருடைய செருப்போ.

"தோத்துட்டேனுங்க மேடம்."

"உட்காருங்க சார்."

"ஆணியைக் காணோம்."

"எத்தனை முயல்ல?"

"ஆறுலயும். பாட்டில்ல உப்புத் தண்ணிக்குள்ள போட்டு வச்சேனே, அந்த ஆணி இன்னும் பாதி கிடக்குது. என் கணக்குப்படி இருபத்திநாலு வாரம் தாங்கணும். இங்க பதினாறுலயே சுத்தமா இல்லைங்க."

கையோடு ஒரு விண்ணப்பமும் கொண்டுவந்திருந்தார். ஆணி சீக்கிரம் கரையாமலிருக்க அதன் மேல்பூச்சை இரண்டு மடங்காக்க வேண்டும், புதிதாகப் பன்னிரண்டு முயல்கள் வேண்டும்.

"முயலுக்கு அனுமதி தர்ற கமிட்டி முடியாதுன்னு சொல்லிட்டா ஊருக்குக் கிளம்பறேன். பம்பு துருப்பிடிக்காம பாத்துக்கறது ஒண்ணாவது எனக்கு ஒழுங்கா வரும்."

சுடர்க்கொடி பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடவில்லை.

"எலும்பு எப்படி இருக்கு சார்?"

"எந்த எலும்புங்க?"

"ஆணியைச் சுத்தி ஒண்ணு இருந்திருக்குமே."

இருதயசாமி படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். காலையிலிருந்து அவர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியது ஆணியைக் காட்டும் ஒரு வெள்ளைக் கோட்டை மட்டும்தான்.

"முறிவு இருந்த இடமும் தெரியலைங்களே," என்றார் கவலையாக. "படம் சரியா விழலையோ என்னவோ."

பேராசிரியர் பேனாவை மூடினார். முயல்களின் பதிவேட்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"வாங்க."

முயல் அறையில் ஆறையும் தரையில் இறக்கிவிட்டு, முட்டைக்கோஸ் இலைகளைத் தூவினார்.

"எந்த முயலுக்கு எந்தக் கால்ல ஆணி வச்சோம்? பதிவேட்டைத் தர மாட்டேன். பாத்துச் சொல்லுங்க."

இருதயசாமிக்கு ஒவ்வொரு ஆணியின் எடையும் மில்லிகிராம் சுத்தமாக நினைவிருந்தது. எது எந்தக் காலில் என்பது நினைவில்லை. விண்ணப்பத்தைத் தரையில் வைத்து, முழங்கால் 'சடக்'கென்று ஒலிக்க உட்கார்ந்தார். இருபத்தாறு வருடப் பழக்கம். அரை மணி நேரம் கண்ணெடுக்காமல் பார்த்தார். மூன்றாம் எண் முயல் அவர் பாதத்தைத் தாண்டிக் குதித்தது. நான்காம் எண் விண்ணப்பத்தின் மூலையைக் கடித்துப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று முட்டைக்கோஸுக்கே திரும்பியது.

"ஒண்ணு, இடது. ரெண்டு, வலது. மூணு... எப்படி எகிறுது பாருங்க இது! மூணு, இடதுன்னு வச்சுக்குங்க."

ஆறும் முடிந்ததும் சுடர்க்கொடி பதிவேட்டைப் பிரித்தார்.

"மூணு சரி, மூணு தப்பு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இதேதான் வந்திருக்கும் சார்."

இருதயசாமி எக்ஸ்ரே படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். இந்தத் தடவை பூதக்கண்ணாடி இல்லாமல்.

"மறுபடி அறுத்து எடுக்கறதுக்கு..." என்று ஆரம்பித்தார். "உள்ள ஒண்ணுமே இல்லீங்களே மேடம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான்கு வருடத்தில் அந்தத் தாடிக்குள்ளிருந்து அப்படியொரு சிரிப்பு வந்து யாரும் கேட்டதில்லை. ஆனால் பரிசோதகர் அவ்வளவு சுலபத்தில் ஓய்ந்துவிடுவாரா?

"இருந்தாலும், எட்டு வாரம் முன்னாடியே அந்த ஆணி எப்படிப் போச்சுன்னு தெரிஞ்சாகணுமில்லீங்களா?"

"தெரிஞ்சாகணும். கண்டுபிடிச்சு எழுதுங்க, ஒரு அத்தியாயத்துக்கு ஆகும்," என்றார் சுடர்க்கொடி, மூலை கடிபட்ட விண்ணப்பத்தை அவர் கையில் திருப்பிக் கொடுத்தபடி. "ஆனா சார், இந்த அறையில ஆறு முயலும் நீங்களுமா ஏழு பேர் ஆணியைத் தொலைச்சிருக்கீங்க. தேடறது நீங்க ஒருத்தர்தான்."